ராக் பாட்டு ஏன் இப்படி அழுகிறது?

கேள்வி கேட்ட தம்பி திருத்துறைப்பூண்டிப் பக்கம், கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவர் எழுதியதன் சாரம் இது: "ராத்திரியெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராக் கேட்கிறேன். அப்பா, 'இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு, இதைக் கேட்டு நீயும் ஒரு மாதிரி ஆயிடப்போற' என்கிறார். இந்தப் பாட்டு வரிகளில் ஏன் இவ்வளவு விரக்தி? சமூக அக்கறை என்கிறார்களே, அது நிஜமா, வேஷமா? நம்பிக்கை என்று ஏதாவது இருக்கிறதா? நம்ம ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

தம்பி, அப்பா உங்களைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு நல்ல விமர்சனம் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒப்பாரி வைக்கிறவர்களைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? முதல் இரண்டு வரிதான் செத்தவருக்கு. மூன்றாவது வரியில், பாகம் பிரிக்கும்போது வரப்பைத் தள்ளிப் போட்ட கொழுந்தன் வந்துவிடுவான். ஐந்தாவது வரியில், சீரோடு வராத அண்ணன். பந்தலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். யாரும் வாய் திறக்க முடியாது, அழுகிறவளை யார் அதட்டுவது? இருபது வருஷம் சொல்ல முடியாததை அந்த ஒரு மத்தியானத்தில் சொல்லி முடித்துவிடுவாள். நல்ல ராக் பாட்டு செய்கிற காரியமும் அதுதான். மட்டமான பாட்டு சும்மா அழும், யார் பெயரும் அதில் வராது.

நான் சங்கீதம் படித்தவனில்லை. 1989-லிருந்து பதினாலு வருஷம் மன்னார்குடியில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவருவார்கள், அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து கொடுப்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு இளையராஜா. இங்கிலீஷ் பாட்டு கேட்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அதில் பாதி கூத்தாநல்லூர்ப் பையன்கள். அவர்கள் வீட்டுச் சபராளிகள், அதாவது பிழைக்க வெளிநாடு போனவர்கள், சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரிஜினல் கேசட் கொண்டுவருவார்கள். காப்பி போட்டுக் கொடுப்பதற்குக் கூலியாக எனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கொள்வேன். உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டையில் எறும்பு சைஸில் பாட்டு வரிகள் அச்சடித்திருக்கும். லிஃப்கோ டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் அதையெல்லாம் தமிழில் எழுதிப் பார்ப்பேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இந்தப் பதில் முக்கால்வாசி அந்த நோட்டிலிருந்து வருகிறது.

முதலில் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பார்ப்போம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1980-ல் பாடிய 'தி ரிவர்'. அப்பன் செய்த வேலையையே பிள்ளையும் செய்யவேண்டும் என்று வளர்க்கிற ஓர் ஊர். பள்ளிக்கூடத்தில் பார்த்த பெண், பெயர் மேரி. இரண்டு பேரும் ஊரைவிட்டு வெளியே பச்சை வயல் பக்கம் வண்டியில் போய் ஆற்றில் குதித்துக் குளிப்பார்கள். அவள் உண்டாகிவிடுகிறாள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அவனுக்குக் கிடைப்பது தொழிற்சங்க அட்டையும் கல்யாணக் கோட்டும். பூ கிடையாது, கல்யாண உடுப்பு கிடையாது, கோர்ட்டில் கையெழுத்து. கட்டட வேலைக்குப் போகிறான், கொஞ்ச நாளாக வேலை இல்லை. காரணம் கேட்டால் 'பொருளாதாரம் சரியில்லை' என்கிறான். பாட்டு முழுக்க இருக்கிற ஒரே பெரிய வார்த்தை அதுதான். டீக்கடைப் பேப்பரில் படித்ததைத் திருப்பிச் சொல்கிற தொனியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறான். கம்பெனியைத் திட்டவில்லை, அரசாங்கத்தைத் திட்டவில்லை. அவன் பழசை மறந்த மாதிரி நடிக்கிறான், மேரி எதையும் கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் கேட்கிறான்: பலிக்காத கனவு பொய்யா, இல்லை பொய்யைவிடக் கேவலமான ஒன்றா? கேட்டுவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போகிறான். ஆறு வற்றிக் கிடக்கிறது, அது அவனுக்கும் தெரியும்.

ஸ்பிரிங்ஸ்டீன் இதைக் கற்பனையில் எழுதவில்லை. அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் பட்ட பாடு அது, அவரே சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டுக் கதையை ஊர்க்கதையாக்கியதில் தந்திரம் ஒன்றுமில்லை. சங்க அட்டை, கோட்டு, வண்டி, ஆறு என்று சாமான்களை வரிசையாக எடுத்து வைத்தார், வேலை போன குடும்பம் அத்தனையும் தன் சாமான்களை அங்கே பார்த்துக்கொண்டது.

நோட்டில் அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் 'முழு விரக்தி' என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை, உங்களுக்கே நினைவிருக்கும். அந்த எட்டில் ஒரு வருஷம், ஆடிப் பதினெட்டு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பாமணி ஆறு. ஆறென்றால் மணல், நடுவில் கருவேலஞ்செடி, நாலு ஆடு. அம்மா காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் நூல் எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கேம்மா போறே, ஆத்துல தண்ணி இல்லையே என்றேன். "தண்ணி இல்லைன்னா ஆறு இல்லைன்னு ஆயிடுமா?" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் போர்த் தண்ணியை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள். படித்துறையில் இறங்கிப் பார்த்தால் எங்களுக்கு முன்னாலேயே பத்திருபது பெண்கள். மணலில் ஒரு முழம் குழி தோண்டி, அவரவர் கொண்டுவந்த தண்ணியை அதில் ஊற்றி, அது மணலில் இறங்குவதற்குள் அவசர அவசரமாகச் சூடம் காட்டி, கருகமணியைப் போட்டார்கள். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி கல்யாணத்தன்று கட்டிய மாலையைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தாள். அதை எந்த ஓட்டத்தில் விடுவது? குழிக்குள் மடித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பென்சிலில் எழுதியதை அழித்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நம்பிக்கை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பெண்கள் யாரும் மறுநாள் தண்ணி வந்துவிடும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் இறங்கினார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டின் ஆளும் அப்படித்தான் இறங்குகிறான். ராக் பாட்டில் நம்பிக்கை எங்கே என்று கேட்டீர்களே, 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்ற வரியைத் தேடினால் அகப்படாது. வினைச்சொல்லைப் பாருங்கள். யார் என்ன செய்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது சமூக அக்கறை. அதில் வேஷம் நிறைய உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கோடீசுவரர்கள் ஒரு மைக்கைச் சுற்றி நின்று கண்ணை மூடிக்கொண்டு பட்டினியைப் பற்றிப் பாடுகிற பாட்டெல்லாம் எனக்கு ஒட்டவே ஒட்டாது. பிங்க் ஃபிளாய்டு என்ற இங்கிலாந்துக் குழுவின் 'அனதர் பிரிக் இன் தி வால்' 1979-ல் வந்தது. பள்ளிக்கூடம் எங்களை அமுக்குகிறது என்று அதில் கோரஸ் பாடுகிற குழந்தைகள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் நிஜமான மாணவர்கள். அந்தக் குரலுக்கான பங்கைக் கேட்டு, பெரியவர்களான பிறகு 2004 வாக்கில் அவர்கள் கிளம்பவேண்டியிருந்தது. அடக்குமுறையை எதிர்க்கிற பாட்டில் கூலி பாக்கி! பண்ணையில் வேலை பார்த்த குடும்பத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் உள்ளூர்க்காரன் உள்ளூரைப் பற்றிப் பாடினால் கதை வேறு. பாடகர் ஜான் மெல்லன்கேம்ப் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சீமோர் என்ற சின்ன ஊர்க்காரர். சுற்றிலும் சோளமும் சோயாவும். 1970-களில் விலை நன்றாக இருந்தபோது 'இன்னும் நிலம் வாங்கு, டிராக்டர் வாங்கு' என்று கடனை அள்ளிக் கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வட்டி எகிறியது, விளைச்சல் விலை விழுந்தது, அடமானத்தில் இருந்த நிலத்தின் விலையும் சேர்ந்து விழுந்தது. வங்கிகள் ஏலம் விட ஆரம்பித்தன. 1985-ல் அவரும் சிறுவயது நண்பர் ஜார்ஜ் கிரீனும் சேர்ந்து 'ரெயின் ஆன் தி ஸ்கேர்குரோ' என்று ஒரு பாட்டு எழுதினார்கள். மழையில் நனைகிற சோளக்கொல்லை பொம்மை, ஏர்க்காலில் ரத்தம். தாத்தா திருத்திய நிலம் ஏலத்துக்குப் போகிறது. கோர்ட் வளாகத்தில் தொண்ணூற்றேழு சிலுவைகள் நட்டிருக்கிறார்கள், தொண்ணூற்றேழு குடும்பம் இழந்த தொண்ணூற்றேழு பண்ணைக்கு. மகனைப் பார்த்து, 'உனக்கு விட்டுப்போக ஒன்றுமில்லையே' என்கிறான் அப்பன்.

இந்தப் பாட்டை நான் ஒருத்தருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனது. முத்துப்பேட்டைப் பக்கம் என் பள்ளித் தோழனுக்கு நூற்றைம்பது தென்னை. நாலாம் நாள் போய்ப் பார்த்தேன், பதினோரு மரம் நின்றது. விழுந்ததெல்லாம் ஒரே திசையில் தலைவைத்து, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. கரண்ட் வர வாரக்கணக்காகும் என்றார்கள். ஜெனரேட்டர் வைத்து ஒருத்தன் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் காசு வாங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி, விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல் போனில் அந்தப் பாட்டைப் போட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"நகையை வச்சானா, நெலத்தை வச்சானா?" என்றான்.

"நெலத்தை."

"கிறுக்கனுவ. மொதல்ல நகையில்ல வைக்கணும்."

சிரித்துவிட்டோம். அப்புறம் ஏலம் போடுகிற இடம் வந்தது. பாட்டுக்காரனின் பழைய நண்பன்தான் ஏலக்காரன். 'தப்பா நினைக்காதே, என் வேலை இது' என்கிறான். அதற்கு இவன், 'வேலைன்னு சொல்லிட்டா நியாயமாயிடாது. வேணும்னா ராத்திரி உனக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்' என்று பதில் கொடுக்கிறான். இதைச் சொன்னதும் தோழன் பேச்சை நிறுத்திவிட்டான். கொஞ்சம் பொறுத்து, போன வருஷம் நகைக்கடன் ஏலத்துக்குப் போன கதையைச் சொன்னான். அந்த வங்கியில் நகை எடை போடுகிறவர் எங்களோடு படித்தவர். ஏல நோட்டீஸ் வருகிறது என்று முதல் நாளே போன் செய்து சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதான் ஒன் பாட்டுக்காரன் சொல்லிட்டானே" என்றான்.

விவசாயக் கடன்களைப் பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். 'வங்கிகள் ஒழிக' என்பார்கள், கைதட்டுவார்கள். நகை எடை போடுகிறவரின் முகத்தை அந்தக் கூட்டங்களில் யாரும் காட்டியதில்லை. மெல்லன்கேம்ப் காட்டுகிறார். எதிரி எங்கேயோ கோட்டையில் இல்லை, ஒரே பெஞ்சில் படித்தவன். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை, ஆனாலும் அவனைச் சும்மா விடமுடியாது. அக்கறை என்பது இப்படிச் சிக்கலாக இருந்தால்தான் நான் நம்புவேன்.

அதே 1985 ஜூலை 13-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லைவ் எய்டு கச்சேரி நடந்தது. மேடையில் பாடகர் பாப் டிலன், இதில் ஒரு பங்கு நம்ம அமெரிக்க விவசாயிகளின் கடனுக்கும் போகக்கூடாதா என்று கேட்டுவிட்டார். இடம் பொருள் தெரியாத பேச்சு என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள், கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வில்லி நெல்சன், மெல்லன்கேம்ப், நீல் யங் என்ற மூன்று பாடகர்களும் செப்டம்பர் 22-ல் இல்லினாய் மாநிலம் ஷாம்பெயினில் ஃபார்ம் எய்டு என்ற கச்சேரியை நடத்தினார்கள். நடுவில் சில வருஷம் விட்டுப்போனாலும் அது தொடர்கிறது. நெல்சனும் மெல்லன்கேம்பும் விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு போய் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்ல வைத்தார்கள். 1987-ல் விவசாயக் கடன் சட்டம் ஒன்று வந்தது. பாட்டு சட்டம் போட்டது என்று நான் சொல்லமாட்டேன். சாட்சிக் கூண்டு வரைக்கும் கூட வந்தது என்று சொல்லலாம்.

இனி நான் வருஷக்கணக்காக முட்டிக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் பாட்டைத் தமிழாக்கினால் முதல் வரியிலேயே ஒரு இடத்தில் கை நின்றுவிடும். அவர்களுக்கு ஒரே ஒரு 'வீ'. நமக்கு இரண்டு: நாம், நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கி வைத்தால் நாங்கள். அவர்கள் சொல்லாமல் தப்பித்துவிடுவார்கள், தமிழில் எழுதுகிறவன் முடிவு செய்தே ஆகவேண்டும்.

பிங்க் ஃபிளாய்டின் பள்ளிக்கூடப் பாட்டு சுலபம். வாத்தியாரைப் பார்த்துக் கத்துகிறார்கள், 'நாங்கள்' தான். யூ2 குழுவின் 1983-ஆம் வருஷத்துப் பாட்டு 'சண்டே பிளடி சண்டே' அவ்வளவு சுலபமில்லை. 1972 ஜனவரி 30-ல் வடக்கு அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றைக்கே பதின்மூன்று பேர், பின்னால் ஒருவர். பாட்டில், இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் பாட்டையே பாடிக்கொண்டிருப்பது என்று கேட்கிறார்கள். நாங்களா, நாமா? 'நாங்கள்' என்று போட்டால் சுடப்பட்டவர் பக்கம் நின்று பழி கேட்கிற பாட்டு. 'நாம்' என்று போட்டால் இரண்டு தரப்பையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கேட்கிற கேள்வி. பாடகர் போனோ மேடையில் இது கலகப் பாட்டு இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் பாடுவார். அதனால் 'நாம்' என்று திருத்தினேன். திருத்தினதும் பாட்டின் கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது, துக்கம் கூடியது.

எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் ஆஸ்திரேலிய மிட்நைட் ஆயில் குழுவினுடையது. 1987, 'பெட்ஸ் ஆர் பர்னிங்'. பாலைவனத்து மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டுத் திரும்பி வந்த பின்டுபி பழங்குடி மக்களைப் பற்றியது. பாடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். நிலம் அவர்களுடையது, திருப்பிக் கொடுப்போம், வாடகையைக் கட்டுவோம் என்கிறார்கள். நோட்டில் 'வாடகை' என்று எழுதினால் சப்பென்று இருந்தது. அடித்துவிட்டுக் 'குத்தகை' என்று எழுதினேன். எழுதினதும் நம்ம ஊரே தலைகீழாகிவிட்டது! இங்கே குத்தகைப் பாக்கி என்றால் சாகுபடிக்காரன் நிலக்காரனுக்கோ கோவிலுக்கோ மடத்துக்கோ அளக்க வேண்டியது. அந்தப் பாட்டில் பட்டா வைத்திருக்கிறவன்தான் பாக்கிக்காரன், மண்ணோடு கிடந்தவனுக்கு அளக்கவேண்டியவன். 2000-ல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் உட்கார்ந்திருக்கும்போதே, 'மன்னிக்கவும்' என்று உடுப்பில் எழுதிக்கொண்டு வந்து இதைப் பாடினார்கள். நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில்.

இந்த 'நாம்' விவகாரம் டெல்டாவில் நாற்றங்காலிலேயே தொடங்குகிறது. 'விவசாயி' என்று பாட்டில், மேடையில், வாட்ஸாப் ஸ்டேட்டஸில் எல்லோரும் உருகுகிறோம். அந்த வார்த்தைக்குள் இருபது ஏக்கர்க்காரரும் இருக்கிறார், வெயிலில் குனிந்து நடவு நடுகிற பெண்ணும் இருப்பதாகப் பேச்சு. தண்ணி வரவில்லை என்றால் இரண்டு பேருக்கும் கஷ்டம்தான், ஆனால் நிவாரணம் பட்டா இருக்கிறவர் கணக்குக்குத்தான் முதலில் போகிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட நாற்பத்து நாலு பேரும், கூடக் கொஞ்சம் நெல் கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். எரித்தவர்கள் தரப்பும் தன்னை விவசாயி என்றுதான் சொல்லிக்கொண்டது. நீல் யங்கின் 'ஓஹாயோ' கேட்டிருப்பீர்கள். 1970 மே 4-ல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தார்கள், மூன்று வாரத்துக்குள் பாட்டு பதிவாகிவிட்டது. கடைசியில் அந்த எண்ணிக்கையையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், நாலு பேர், நாலு பேர் என்று. எண் ஒன்று பல்லவியாவது எப்படி என்று வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும். நம்ம பக்கம் நாற்பத்து நாலு என்றால் போதும்.

நம்ம ஊரில் இதெல்லாம் உண்டா என்றால், பழைய பாக்கியே நிறைய இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்து, மாயவரம் அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைப் பாரதியார் உள்ளே கொண்டுவந்தார்: நந்தனின் ஆண்டை. சிதம்பரம் போக லீவு கேட்கிற பண்ணையாளிடம், நாற்பது வேலியையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறான். நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஆண்டை என்று ஒருவனை எதிரே நிறுத்தியதும் பக்தி விரக்தியாகவும் வழக்காகவும் ஆகிவிட்டது. எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் சாமி வந்து ஒரே ராத்திரியில் பயிரை விளையவைத்து விடுகிறார், ஆண்டை திருந்திவிடுகிறான். ராக் பாட்டில் அந்த வசதி கிடையாது. ஆனால் நந்தனாருக்கு ஏற்கெனவே இருந்த பெயரைப் பாருங்கள், திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தினமும் சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங்ஸ்டீன் 1975-ல் 'பார்ன் டு ரன்' பாட்டில், என்றைக்கோ ஒருநாள், எப்போது என்று தெரியாது, அந்த இடத்துக்குப் போய்ச் சேருவோம் என்கிறாரே, அவரும் நாளைப்போவார் கட்சிதான்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சாமியைக் கூப்பிடவில்லை. செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்து, விவசாய இயக்கத்தில் திரிந்து, 1959-ல் இருபத்தொன்பது வயதில் போய்விட்டவர். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு அவர் எழுதிய ஒரு ஜோடிப் பாட்டில் ஆண், தரிசைக் கொத்தி வாய்க்கால் வெட்டிச் சம்பா நட்டு விளையவைத்த பெருமையைப் பாடுகிறான். அவள் ஒரே வரியில் காற்றைப் பிடுங்கிவிடுகிறாள்: "காடு வெளஞ்சென்ன மச்சான் நமக்குக் கையுங் காலுந்தானே மிச்சம்". மாடாக உழைத்தவனுக்கு ஏன் பசி என்று அவள் கேட்க, அவன் தேடியது வேறு இடத்தில் போய்ச் சேருகிறது என்று பதில் வருகிறது. விரக்தி அவள் குரலில், நம்பிக்கை அவன் குரலில், இரண்டையும் ஒரே மெட்டில் வைத்துச் சண்டை போடவிட்டிருக்கிறார். அந்த 'நமக்கு' என்பதைக் கவனியுங்கள். 'எங்களுக்கு' என்று எழுதியிருந்தால் அது மனு. 'நமக்கு' என்றதால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். இன்றைய பாட்டு வேண்டுமென்றால், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கேளுங்கள். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து, சாதியைப் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அப்பாவுக்கு அதுவும் உறுத்தும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள்தான் பிளாக் சபாத் குழு. கிதார் வாசிக்கிற டோனி அயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறையில் இரண்டு விரல் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக் மூடியை உருக்கி விரலுக்கு உறை செய்து, கம்பியைத் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனமான ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். 2017-ல் நம்ம விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தபோது என் பழைய வாடிக்கையாளன் ஒருத்தன் போன் செய்து, "அண்ணே, மெட்டல் கேசட் அட்டை மாதிரியே இருக்கு" என்றான். கோபித்துக்கொள்ளலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் அவன் சொன்னது சரி. மரியாதையாகச் சொல்லிக் கேட்காதவர்களிடம் அசிங்கமாகத்தான் காட்டவேண்டியிருக்கிறது.

அப்பாவின் பயத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். யார் பெயரும் இல்லாமல், கதவும் இல்லாமல், 'நான்' மட்டுமே இருக்கிற பாட்டுகள் உண்டு. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980-லும் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994-லும் தாங்களே உயிரை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டுகள் அழகானவை, நானும் கேட்கிறேன், ஆனால் பகலில். ஆர்.இ.எம். குழு 1992-ல் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாடியபோது, சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு நேராகப் புரியட்டும் என்று வேண்டுமென்றே வெறும் வார்த்தைகளில் எழுதினார்கள். உவமை இல்லை, ஜோடனை இல்லை. அதில் திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்கு நோட்டில் 'தாக்குப்பிடி' என்று எழுதியிருக்கிறேன். பயிர் காய்கிறபோது நாம் சொல்கிற அதே சொல். உங்களுக்கு எப்போதாவது பாட்டு முடிந்த பிறகும் மனசு மேலே வராமல் கிடந்தால், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தினுடையது, காசில்லை, தமிழில் பேசலாம்.

மற்றபடி ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒருநாள் அப்பாவுக்கு ஒரு பாட்டைச் சத்தமாகப் போடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், திண்ணையில். பிளாக் சபாத் வேண்டாம், மெல்லன்கேம்ப் போடுங்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுங்கள், குத்தகை, ஏலம், அடமானம் என்று அவருடைய வார்த்தைகளிலேயே. ஏலக்காரன் 'என் வேலை இது' என்கிற இடம் வரும்போது பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அப்பாவிடம் ஒரு கதை இருக்கும்.